அப்பப்பாவின்ர துவக்குக் கடதாசி

அரசாங்கக் கடதாசியில நான் முதல்முதலாக் கைநாட்டு வைச்சது செத்துப்போன எங்கட அப்பப்பாவுக்காக. சிரியாதேங்கோ, உண்மை! எனக்கு அப்ப ஏழோ எட்டோ வயசு. பள்ளிக்கூடம் போகாத கைக்கு வந்த மரியாதையைப் பாருங்கோவன்.

கிளிவெட்டியில எங்களுக்கு ஒரு துண்டு வயல். வயலைவிடக் காட்டுப் பண்டி கூட. பண்டியைச் சுடத்தான் துவக்கு. லைசன் அப்பப்பாவின்ர பேரில. அவர் போய் ரெண்டு வருசமாகியும் அப்பா பேர் மாத்தேல்ல. தை மாசம் வந்தா அப்பப்பாவுக்குச் சுகமில்லையெண்டு சொல்லி, அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில லைசனைப் புதுக்கிக்கொண்டு வந்திடுவார்.

ஜப்பான்காரனோட சண்டை தொடங்கினாப்போல கெடுபிடி வந்திட்டுது. துவக்குக்காரர் கைநாட்டு வைச்சுக் குடுக்கவேணுமாம். அம்மாவின்ர தம்பி, எங்கட மாமா, நாலாம் வகுப்புப் படிச்சவர். ஊரில துவக்கு வைச்சிருந்த எல்லாருக்கும் கடதாசி நிரப்பிக் குடுத்துப் புத்தியும் சொல்லுவார். தலைக்கு எண்ணெய் வைச்சு வாரினாரெண்டால் மாப்பிள்ளை மாதிரி இருப்பார். சரி, அதை விடுங்கோ.

"அத்தான், இப்ப பேர் மாத்தப் போனா துவக்கை வாங்கி வைச்சிடுவாங்கள். நெல்லு பால் பிடிச்சு நிக்குது. கிழவன் இன்னும் ஒரு வருசம் உயிரோட இருக்கட்டும்" எண்டார் மாமா.

அப்பாவின்ர கைநாட்டு காணிக் கடதாசியில கிடக்கு, பொருத்திப் பாத்தாப் பிடிச்சிடுவாங்கள். அம்மா கிட்டவும் வரேல்ல. அப்பதான் மாமா என்ர பெருவிரலைப் பிடிச்சு மையில தோய்ச்சவர்.

"இது சின்ன விரலடா" எண்டார் அப்பா.

"வயசுபோனா விரலும் சூம்பும் அத்தான்."

எனக்கெண்டால் சந்தோசப் புளுகம் தாங்கேல்ல. விரலைக் கழுவாமல் ஒழுங்கையெல்லாம் ஓடித் திரிஞ்சனான். துவக்கைப் பாக்க ஊர்த் தலைமைக்காரர் விதானையார் வந்தாப்போல அவருக்கும் காட்டினனான். "இனி நான்தான் அப்பப்பா!"

மாமா கூரை வளையை அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்டார். எல்லாம் தன்ர வேலைதான் எண்டு அப்பா சொன்னார். விதானையார் நல்ல மனுசன். "தம்பி, கிழவர் செத்த கையோட வந்து சொல்லியிருந்தா நானே உன்ர பேருக்கு எழுதித் தந்திருப்பனே. இப்ப என்னால ஏலாது" எண்டுபோட்டுத் துவக்கை எடுத்துக்கொண்டு போனார்.

நாங்கள் தகரம் தட்டினம், பந்தம் பிடிச்சம். பண்டிக்கு அதெல்லாம் மேளக்கச்சேரி. ஒரு கிழமையில வயல் உழக்கின சேறு. என்னை ஒருத்தரும் ஏசேல்ல. அப்பா ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பங்குனியில அப்பா திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கூலி வேலைக்கு வெளிக்கிட்டார். வருசப்பிறப்புக்கு வாறன் எண்டவர். அதுக்கு முதலே ஜப்பான்காரன் குண்டு போட்டவன். அப்பா அங்க நிண்டவர். உடம்பும் வரேல்ல.

அவர் வெளிக்கிட்ட அண்டைக்கு எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே! வெள்ளைக்காரற்ற விசுக்கோத்து டின் ஒண்டு கொண்டுவரச் சொல்லிக் குதிச்சுக் குதிச்சுக் கேட்டனான். அப்பா ஓம் எண்டு தலையைத் தடவினார். அம்மா சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு வேலிக்கரையில நிண்டவ. தனக்கும் ஒண்டு கேக்க வெக்கப்படுறாவாக்கும் எண்டு நினைச்சு, "அம்மாவுக்கும் ஒண்டு" எண்டு நான்தான் கத்திச் சொன்னனான்.