கட் பண்ணாமல் கேட்டவள்

தெரியாத நம்பர் என்றால் நான் எடுக்க மாட்டேன். விடாமல் அடித்தால் மூன்றாவது தடவை எடுப்பேன். ஆனால் தமிழில் பேச மாட்டேன்.

எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். மதுரையில் மகால் பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தமிழ் வராமல் இருக்குமா? சண்டை போட எனக்குத் தமிழ்தான் வசதி. ஆனால் லோன் வேணுமா மேடம், சமயநல்லூர் தாண்டி பிளாட் போட்டிருக்கோம் மேடம் என்று கூப்பிடுகிறவர்களிடம் சண்டை போட்டால், அவர்கள் சந்தோஷமாகத் திருப்பிப் பேசுகிறார்கள். அதனால் வேறு வழி கண்டுபிடித்தேன். போனை எடுத்ததும், எதிராளி வாயைத் திறக்கும் முன், எங்கள் பாஷையில் புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் வைப்பது எப்படி என்று ஆரம்பித்துவிடுவேன். புளியைக் கரை, நல்லெண்ணெயைக் காயவை, மிளகாயைக் கிள்ளிப் போடு. பெரும்பாலும் மிளகாய்க்கு வருவதற்குள் போனை வைத்துவிடுவார்கள். வெந்தயம் வரை தாக்குப்பிடித்தவர்கள் ஒருவரோ இருவரோதான்.

இதில் எனக்குப் பெருமை வேறு. பக்கத்து வீடுகளில் நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பேன். என் வீட்டுக்காரர் மட்டும், "ஒரு நாள் வேண்டிய ஆளை விரட்டிவிடப் போகிறாய்" என்பார். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அவர் ஊர் ஊராகப் போய்ச் சுங்குடிச் சேலைக்கும் நைட்டிக்கும் ஆர்டர் எடுக்கிறவர். புதன்கிழமை என்றால் உசிலம்பட்டி, எழுமலை. சர்க்கரை வியாதி உண்டு. காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். ஒரு புதன்கிழமை நேரமாகிவிட்டது என்று ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு, இட்லியை டப்பாவில் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் சாப்பிடுகிறேன் என்று கிளம்பிவிட்டார். ஆரப்பாளையத்தில் ஏறிய பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது. உசிலம்பட்டியில் மாறிய பஸ்ஸிலும் அதே கதை. எழுமலையில் இறங்கும்போது டப்பா பையிலேயே இருந்திருக்கிறது. இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பதினோரு மணி வாக்கில் தெரியாத நம்பர் ஒன்று அடித்தது. விட்டேன். மறுபடி அடித்தது. பருப்புக்கு விசில் எண்ணிக்கொண்டிருந்தேன், விட்டேன். மூன்றாவது தடவை எடுத்தேன். ஒரு பெண் குரல் ஏதோ சொல்ல வந்தது. நான் அதற்கு மேல் குரலை உயர்த்தி, புளியைக் கரைக்க ஆரம்பித்தேன்.

அவள் போனை வைக்கவில்லை. மிளகாய் போட்டேன், "ம்" என்றாள். வெந்தயம் வறுத்தேன், அதற்கும் "ம்". எண்ணெய் பிரிந்து மேலே வந்தது, கடைசியில் மறக்காமல் ஒரு துண்டு வெல்லம் போட்டு இறக்கியும் ஆயிற்று. அதுவரைக்கும் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தாள். இப்போதெல்லாம் இவர்களுக்கு நல்ல ட்ரெயினிங் கொடுக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு நானே கட் செய்தேன்.

கால் மணி நேரம் கழித்து அதே நம்பர். அடுத்த சமையலைத் தயாராக வைத்துக்கொண்டு எடுத்தேன். எதிர்ப்பக்கம் எங்கள் பாஷையில் ஒரு குரல் முந்திக்கொண்டது.

அந்தக் குரல் சொன்னது இவ்வளவுதான். தயவுசெய்து கட் பண்ணாதீர்கள். நான் எழுமலையில் டீச்சர். உங்கள் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். உடம்பெல்லாம் வேர்த்து நடுங்குகிறது, உளறுகிறார். ஆம்புலன்சுக்குச் சொல்லியாகிவிட்டது, உசிலம்பட்டியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. டீக்கடை அக்காவுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். அவருக்குச் சீனி கொடுக்கலாமா, கூடாதா?

"முழுங்குகிறாரா?" என்றேன். தண்ணீர் கொடுத்தபோது குடித்தாராம். "அப்படியானால் கொடுங்கள், நாலு ஸ்பூன், அஞ்சு ஸ்பூன், இப்பவே கொடுங்கள்" என்று கத்தினேன். அடுத்து இரண்டு பேர் ஓடுகிற சத்தம், மூச்சிரைப்பு, பஸ் ஹாரன், கிளாஸில் ஸ்பூன் வேகமாகச் சுற்றுகிற சத்தம். பொறுக்க முடியாமல் நான் தமிழில் கத்தினேன். "கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க, புரை ஏறிடப் போகுது."

முதலில் கேட்ட பெண் குரல் பதில் சொன்னது. "இந்தா குடிக்காரு மதினி." ஒரு நொடி கழித்து, "உங்களுக்குத் தமிழ் வருமா?"

வெட்கம் பிடுங்கித் தின்றது.

சிறிது நேரத்தில் அவர் என் பெயரைச் சொல்லி, இது எந்த இடம் என்று விசாரித்தது போனில் கேட்டது. ஆம்புலன்ஸ் வந்தபோது பையிலிருந்த இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று எனக்குத் தெரியாது.

டீக்கடைக்காரி எனக்கும் வீட்டுக்காரருக்கும் உறவில்லை. எழுமலைப் பக்கம் விவசாயக் குடும்பம்; பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கிறாள். அண்ணே என்று அவரைக் கூப்பிடுவாள், அதனால் நான் மதினி. புதன்கிழமைதோறும் அவர் அங்கே சீனி இல்லாத டீ குடிப்பார். அன்றைக்கு வந்தவர் டீ கேட்கவில்லை, பேச்சும் அவளுக்குப் புரியவில்லை. சோர்ந்துபோனவருக்கு நிறையச் சீனி போட்டு ஒரு டீ கொடுக்கலாம் என்று ஆற்றியிருக்கிறாள். சுற்றி நின்றவர்கள், "சுகர்காரருக்குச் சீனியா? ஆளைக் கொல்லப் போறியா?" என்று தடுத்திருக்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. பத்துப் பேர் ஒரே குரலாகச் சொன்னபோது அவளுக்கும் பயம் வந்துவிட்டது. அவர்கள் சொன்னதைக் கேட்டுக் கிளாஸைக் கீழே வைப்பதை விட, வீட்டில் கேட்டுவிடலாம் என்று அவருடைய பில் புக்கில் இருந்த முதல் நம்பரை அடித்தாள். அது அவர் சட்டைப்பையிலேயே அடித்தது. இரண்டாவது நம்பர் என்னுடையது.

நான் செய்ததைத்தான் சொல்லிவிட்டேனே. அவள் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். வேறு யாராக இருந்தாலும், என்ன பொம்பளை இவள் என்று திட்டிவிட்டு விட்டிருப்பார்கள். நானாக இருந்தால் நிச்சயம் விட்டிருப்பேன். அவளோ, அண்ணன் உளறுகிற அதே பாஷைதான் போனிலும் கேட்கிறது, பாவம், இந்த வீட்டில் தமிழ் தெரியாது போல என்று நினைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் டீ கொண்டுபோகிறவள்; மதுரையிலிருந்து வந்து போகிற ஒரு டீச்சர் தன் அம்மாவிடம் போனில் இதே மாதிரி பேசுவது ஞாபகம் வந்திருக்கிறது. என் வீட்டுக்காரரை அங்கே நின்ற ஆட்டோக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினாள். வகுப்புக்குள்ளேயே நுழைந்து டீச்சரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து, போனை அவர் கையில் கொடுத்தாள். பால் அத்தனையும் பொங்கி வழிந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் எழுமலைக்குப் போனோம். ஒரு சுங்குடிச் சேலையும், பெரிய தூக்குவாளி நிறையப் புளியோதரையும் கொண்டுபோனேன். என்னைவிட நாலைந்து வயது இளையவள் இருப்பாள். பார்த்ததுமே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள், "உக்காருங்க மதினி, டீ போட்டுட்டு வாரேன்" என்றாள்.

சேலையை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். புளியோதரையை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டாள். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு கேட்டாள்.

"மதினி, அன்னைக்கு முதல்ல போன எடுத்தப்ப அம்புட்டு நேரம் பேசுனீகளே. என்ன சொன்னீக?"

என் வீட்டுக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பொய் சொல்லலாம் என்று தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"நீ இப்பச் சாப்பிடுறியே, அத எப்படி வைக்கிறதுன்னு சொன்னேன். லோன்காரங்கன்னு நெனச்சுட்டேன்."

அவள் கை தட்டிலேயே நின்றது. கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அண்ணனுக்கு என்ன குடுக்கணும்னு சொல்றீகன்னு நெனச்சேன் மதினி. ஒரு வார்த்தையாவது புரிஞ்சிராதான்னு காதுலயே வச்சிருந்தேன்."

பிறகு இன்னொரு வாய் எடுத்து, நிதானமாக மென்றாள்.

"லேசா இனிக்குதே. வெல்லமா?"

"ஆமா. கடைசியா ஒரு துண்டு வெல்லம் போடணும்."

"அன்னைக்கும் சொன்னீகளா இத?"

சொல்லியிருந்தேன். மறக்காமல் போடு என்று அழுத்தித்தான் சொல்லியிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் "ம்" என்றாள்.