காணும் பொங்கலில் கிடைத்த அண்ணன்

எட்டு வயதுவரை, ரகசியம் என்பது அம்மாவும் நானும் சேர்ந்து செய்கிற ஒரு வீட்டுவேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, சாமு வந்துபோனதை அப்பாவிடம் சொல்லாமல் இருப்பது.

அப்போது நாங்கள் செங்கல்பட்டில் ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். அப்பா ஒரு முதலாளியிடம் சுற்றுலா வேன் ஓட்டினார். அவர் கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன்; திரும்பும்போதும் பெரும்பாலும் தூங்கிவிட்டிருப்பேன். பள்ளி விடுமுறை நாட்களில், அப்பா வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து, மாபலிபுரத்திலிருந்து ஓர் அக்கா எங்கள் வீட்டுக்கு வருவாள். அக்கா என்பது அம்மா கூப்பிடும் முறை. அங்கே பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இட்லிக்கடை வைத்திருந்தாள். பருப்பும் மிளகாயும் வாங்கச் செங்கல்பட்டுக்கு வந்தால் எங்கள் வீட்டில் காலாற உட்கார்ந்துவிட்டுத்தான் போவாள். அவளோடு அவள் மகன் சாமுவும் வருவான். என்னைவிட இரண்டு வயது பெரியவன்.

அவன் வருகிற அன்றைக்கு மட்டும் அம்மா முட்டை வறுப்பாள். முதல் கரண்டி அவன் தட்டில் விழும். அவன் சாப்பிடுவதை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் இரண்டாம்முறை சோறு கேட்டால்கூடக் காதில் விழாது. அவன் அவளைச் 'செங்கல்பட்டு அம்மா' என்று கூப்பிடுவான். அவர்கள் போன பிறகு அம்மா என் தலையைக் கோதிக்கொண்டே சொல்வாள்:

"சாமு வந்தத அப்பாகிட்ட சொல்லாத, இன்னா? அவருக்கு மனசு கஷ்டமாயிடும்."

முட்டை தீர்ந்துபோனதில் அப்பாவுக்கு மனசு கஷ்டமாகும் என்று நான் புரிந்துகொண்டேன். எனக்கும் அதில் கஷ்டம் இருந்ததால் அது நியாயமாகவே பட்டது.

அந்த வருடம் காணும் பொங்கலுக்கு அப்பாவின் வேனைப் பிடித்திருந்த குடும்பம் கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டது. முதலாளி, வண்டி சும்மாதானே நிற்கிறது, உன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய் வா என்றார். பண்டிகைக்காகக் கருங்குழியிலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் எதையும் முடிவு செய்வது, வந்திருக்கும் நாட்களில், அத்தைதான்.

"மாபலிபுரம் போலாம்," என்றாள்.

அம்மாவுக்கு உடனே தலைவலி வந்தது. அப்பா கழுத்தைச் சொறிந்தார்.

"அங்க இன்னிக்கு ஒரே கூட்டம்க்கா. பேஜாரு. வேடந்தாங்கல் போலாமே?"

"கொக்கு பாக்கவா நான் கருங்குழிலேர்ந்து வந்தேன்? எங்க வூட்டுக்குப் பின்னாடியே கொக்கு கீது," என்றாள் அத்தை. அதோடு பேச்சு முடிந்தது. அம்மா புளிச்சோறு கிளறினாள். வடையை மட்டும் அத்தை யாரையும் தொட விடவில்லை.

மாபலிபுரத்தின் சந்துபொந்தெல்லாம் தெரிந்த அப்பா, அன்றைக்கு வேனை ஊருக்கு வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டார். நடந்தே கடற்கரைக்குப் போனோம். ஊரே திரண்டு வந்ததுபோல் கூட்டம். ஓர் இடம் பிடித்துப் போர்வையை விரித்ததும் அம்மா கடைகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். அப்பாவும் அவளுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தார். இருவரும் கடலை அவ்வளவு அக்கறையாகப் பார்த்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

நான் கால் நனைக்கப் போனேன். அலை வந்துபோகிற ஈரமணலில் நாலைந்து பையன்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் சாமு.

அம்மா இத்தனை நாள் காப்பாற்றிய விஷயம் நாலடி தூரத்தில் மணல் அள்ளிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"இங்க இன்னாடா பண்ற?"

"இது எங்க ஊரு. நீ இன்னா பண்ற?"

"அம்மா வந்துகீது. அப்பாவும் வந்துகீறாரு. நீ அம்மாகிட்ட வராத. எங்கப்பாவுக்குத் தெரியக் கூடாது."

"எங்க கீறாங்க?" என்று எட்டிப் பார்த்தான். காட்டியிருக்கக் கூடாதுதான். ஆனால் என் விரல் தானாக நீண்டுவிட்டது.

சாமு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அது வேன் நைனா," என்றான்.

"யாரு?"

"எங்க கடைக்கு சாப்ட வருவாரே. என்னிய வேன்ல முன்னாடி குந்த வெச்சிகினு லைட் ஹவுஸ் வரிக்கும் கூட்டினு போவாரு. ஹாரன் அடிக்க வுடுவாரு."

அந்த வேனின் ஹாரனை அப்பா என்னைத் தொட விட்டதே இல்லை. முதலாளி திட்டுவார் என்பார்.

"அவரு எங்கப்பா."

"பொய் சொல்லாத. வேன் நைனாவுக்கு ஒரு பொண்ணு கீது."

"அது நான்தான்."

சாமு யோசித்தான். கையிலிருந்த மணல் விரலிடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. "அப்போ செங்கல்பட்டு அம்மா?"

"அது எங்கம்மா."

"ரெண்டு பேரும் ஒரே வூடா?" என்றான். அவன் முகம் அப்படி மலர்ந்தது. அடுத்த கணம் ஓட ஆரம்பித்துவிட்டான்.

பின்னாலேயே ஓடினேன். ஓடும்போது பயம்கூடப் பின்தங்கிவிட்டது. எரிச்சல்தான் முன்னால் ஓடியது. முட்டையும் அவனுக்கு, ஹாரனும் அவனுக்கு. எனக்கென்று வீட்டில் மிச்சம் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

சாமு போர்வைக்கு முன்னால் போய் நின்றான். யாரை முதலில் கூப்பிடுவது என்று ஒரு நொடி தடுமாறிவிட்டு, இருவரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்தான்.

"சாமு," என்றாள் அம்மா.

"சாமு," என்றார் அப்பா.

இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வந்தன. பிறகு இருவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு இவன எப்டித் தெரியும்?" என்றாள் அம்மா.

"உனக்கு எப்டித் தெரியும்?"

பழி என்மேல் விழப்போகிறது என்று எனக்குப் பட்டது. "நான் ஒண்ணும் சொல்லல," என்று உரக்கச் சொன்னேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

அப்பா மணலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஆஸ்பத்திரிலயே பாத்தேன். நீ திரும்பி உக்காந்து இவனுக்குப் பால் குடுத்துகினு இருந்த. நான் காப்பி ஃபிளாஸ்க்க வாசல்லயே வெச்சிட்டுப் பூட்டேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லலியே."

"நீயும் சொல்லலியே."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பா எல்லோர் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அம்மாவுக்கு அடிபட்டுவிட்டதோ என்று நான் பயந்துபோனேன்.

சோற்றுக் கரண்டியும் கையுமாக அத்தை நிமிர்ந்தாள். "யார்ரா இந்தப் புள்ள?"

"நம்ம பையன்க்கா," என்றார் அப்பா.

அத்தை சாமுவை மேலும் கீழும் பார்த்தாள். "எந்த ஊருடா? எந்தத் தெரு?"

"இதே ஊருதான். சர்ச்சுக்குப் பின்னாடி காலனி," என்றான் சாமு சிரித்த முகமாக.

கரண்டி அந்தரத்தில் நின்றது. ஏன் நின்றது என்று எனக்கு அப்போது தெரியாது. பையன் நிறையச் சாப்பிடுவானோ என்று யோசிக்கிறாள் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அத்தையின் பேச்சுக்கு அதுவரை எதிர்ப்பேச்சு பேசாதவள், ஒரு தட்டை எடுத்துச் சாமுவின் கையில் கொடுத்தாள்.

"சோறு போடுங்க அண்ணி. நீங்க போடலன்னா நான் போடறேன்."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு போட்டாள். கொஞ்சம் யோசித்து ஒரு வடையும் வைத்தாள்.

சாமு வடையைத்தான் முதலில் கடித்தான். "நல்லா கீது. எங்கம்மா கடைல இவ்ளோ மெத்துனு வராது."

"உளுந்து பதமா அரைக்கணும்," என்றாள் அத்தை கடலைப் பார்த்தபடி. சற்றுப் பொறுத்து இன்னொரு வடை அவன் தட்டுக்குப் போனது.

மகனைத் தேடிக்கொண்டு அவன் அம்மா வந்தாள். எங்களை எல்லாம் ஒரே போர்வையில் வரிசையாகப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள். பிறகு தொப்பென்று மணலில் உட்கார்ந்தாள்.

"நீ வந்து அவருக்குத் தெரியக் கூடாதுன்ற. அவரு வந்து உனக்குத் தெரியக் கூடாதுன்றாரு. நான் யாருகிட்டன்னு போய்ச் சொல்றது? இத்தினி வருஷமா என் வவுத்துல வெச்சிகினு திரியறேன் பாரு," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அம்மாவும் அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இதெல்லாம் என்ன என்று எனக்கு விளங்கியது பல வருடங்கள் கழித்து, கூடுவாஞ்சேரியில் என் வீட்டில், கைக்குழந்தையோடு நான் படுத்திருந்தபோது. அம்மா என் குழந்தைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். எனக்கு முன்னால் அவர்களுக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்திருக்கிறது. குறைமாதம், சில நாள்தான் இருந்தான். அவனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. அம்மா படுக்கையைவிட்டு எழ முடியாமல் கிடந்தபோது அப்பாதான் அவனைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார். பக்கத்துக் கட்டிலில் சாமுவின் அம்மா கடும் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். அவள் குழந்தை பசியில் கத்திக்கொண்டிருந்தது. அம்மாவுக்கோ பால் கட்டி மார் வலி. யாரும் சொல்லாமலேயே அம்மா அந்தக் குழந்தையை எடுத்துக்கொண்டாள். வீடு திரும்பும் நாள்வரை அவனுக்குப் பால் கொடுத்தது அவள்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு, அவளிடம் அந்தப் பேச்சையே எடுக்காதே என்று பெரியவர்கள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அம்மா ஒருமுறை பேச்செடுத்தபோது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். இவருக்குத் தாங்காது என்று அவள் முடிவு செய்தாள். இவளுக்குத் தாங்காது என்று அவர் முடிவு செய்தார். ஒருவர் மனசு நோகக் கூடாது என்று இன்னொருவர் பத்து வருடம் வாயைக் கட்டிக்கொண்டு, ஒரே பிள்ளையைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்தக் காணும் பொங்கலுக்குப் பிறகு சாமு எங்கள் வீட்டுக்கு ஒளிவுமறைவில்லாமல், அப்பா இருக்கும்போதே வந்தான். முட்டைக்காக அவனோடு சண்டை போட்டிருக்கிறேன். ஹாரனுக்காக அப்பாவோடு சண்டை போட்டு அதையும் வாங்கிக்கொண்டேன். என் மகனுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் மடி யாருடையது என்று உறவுக்காரர்கள் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்க, அத்தைதான், "சாமு, பட்டு வேட்டிய சரியா கட்டினு வந்து குந்து," என்றாள். அன்றைக்கு எந்தத் தெரு என்று கேட்ட அதே அத்தைதான்.

ஆனால் அந்த நினைவில் எனக்குள் அடிக்கடி வருவது கடற்கரை இல்லை. நாங்கள் திரும்பி வந்த வழி. வெயில் தாழ்ந்து, திருக்கழுக்குன்றம் சாலையில் வேன் போய்க்கொண்டிருந்தது. போகும்போது அத்தை உட்கார்ந்திருந்த முன்சீட்டில் இப்போது அம்மா உட்கார்ந்திருந்தாள். அத்தையே உட்காரச் சொன்னாள். நானும் அத்தையும் பின்னால் இருந்தோம். முன்னால் இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மூக்கு உங்களுது மாதிரிதான்," என்றாள் அம்மா. "கண்ணத்தான் நான் பாக்கவேயில்ல. எப்போ பாத்தாலும் தூங்கிகினே இருந்தான்."

எதிரே வந்த பேருந்துக்கு அப்பா ஒதுங்கி வழி விட்டார்.

"தொறந்தான். ஒரு தபா. என் கையில இருக்கசொல்ல."

"எப்டி இருந்துச்சு?"

"உன்னுது மாதிரி. பெருசா. என்னியவே பாத்தான்."

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. அன்று முழுக்க சாமு, சாமு என்று கேட்டு அலுத்துப்போயிருந்தேன். இப்போது மூக்கையும் கண்ணையும் வேறு அவனுக்கே எழுதிவைக்கிறார்கள். சீட்டைப் பிடித்து எழுந்து நின்று சொன்னேன்:

"சாமு மூக்கு அவங்கம்மா மாதிரிதான் கீது. கண்ணும் அவங்கம்மா மாதிரிதான்."

அத்தை என்னை இழுத்து மடியில் உட்கார வைத்தாள். முன்னால் இருவரும் சிரித்துவிட்டார்கள். அம்மா கையை நீட்டி என் கன்னத்தைத் தடவினாள். விரல் ஈரமாக இருந்தது. யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆகவே நான் சொன்னதுதான் சரி என்று எடுத்துக்கொண்டு, நிம்மதியாக அத்தையின் மேல் சாய்ந்தேன்.