எட்டுப் பத்துக்கு நான் வெட்டிய அழைப்பு

"அன்ரன் எத்தினை மணிக்குத் திரும்பினவர்?"

கரையில் நின்றவர்கள் என்னிடம் கேட்டது இந்த ஒரு கேள்விதான். "எட்டுப் பத்துக்கு" என்றேன். அது பொய், அப்போது எனக்கே அது உறைக்கவில்லை. என் கணவர் அன்ரனும் அவருடைய தம்பி யூட்டும் கடலில் எங்கே கிடக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. என் பொய்யை நம்பித்தான் படகுகள் தேடப் போயின.

ஆண்டவருக்குள் என் உறவுகளே, அந்த நாளை ஒன்றும் ஒளிக்காமல் எழுதுகிறேன். கடந்த வைகாசி, மாதாவின் வணக்க மாதம், மூன்றாம் வியாழக்கிழமை. பழைய கடற்பயணக் குறிப்புகளையும் சரித்திரங்களையும் வாசித்து வாசித்து, நேரத்தைக் கொப்பியில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. ஆகவே மணிகள் எல்லாம் சரி. ஒரே ஒரு மணிதான் பிழை.

எங்கள் வீட்டு வழக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். அன்ரன் விடிய முன் மயிலிட்டித் துறையிலிருந்து கடலுக்குப் போவார். வலை கிடக்கும் இடத்தை அடைந்ததும் என் கைபேசிக்கு ஒரேயொரு மணி அடித்து நிறுத்துவார். வந்து சேர்ந்துவிட்டோம் என்று பொருள். வலையை ஏற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பும்போது இன்னொரு மணி. இரண்டையும் நான் எடுக்கத் தேவையில்லை. மணி நிற்காமல் அடித்தால் மட்டும் எடுக்க வேண்டும், அது ஆபத்து. கலியாணமாகிப் பதினொரு வருடத்தில் ஒருநாளும் அப்படி அடித்ததில்லை. முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையில் நான் செபமாலை சொல்வேன். அவர் கடலில் நிற்கும் நேரம் ஆண்டவருக்கு உரியது என்று நானே வைத்துக்கொண்ட நேர்த்தி.

அந்த நேரத்துக்குள்தான் தொலைக்காட்சி நாடகம் புகுந்தது. இரவில் போகும் தொடரை மறுநாள் காலையில் கைபேசியில் பார்க்கலாம். முதலில் செபமாலை முடிந்தபின் பார்த்தேன். பிறகு செபமாலையை விரைவாக முடித்தேன். சித்திரைக் கடைசியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இடக்கையில் செபமாலை, வலக்கையில் கைபேசி. வாய் "அருள் நிறைந்த மரியே" சொல்லும். கண், எந்த மருமகள் எந்த மாமியை ஏமாற்றுகிறாள் என்று பார்க்கும். செபமாலையில் ஒரு மணியும் விடாமல் உருட்டினேன். அதனால் குறையில்லை என்றும் நினைத்தேன்.

அன்று காலை 5.50க்கு முதல் மணி அடித்து நின்றது. 8.10க்கு அடுத்தது. தொடரில் ஒருத்தி கதவைத் திறக்கப் போகிறாள். அந்த நேரம் பார்த்துத் திரையில் அன்ரனின் பெயர் வந்து மறைத்தது. ஒரு மணி அடித்ததும் பெருவிரலால் தள்ளிவிட்டேன். உடனே மறுபடியும் வந்தது. அதையும் தள்ளினேன். "திரும்புகிறார், வேறென்ன" என்று கொப்பியில் எழுதினேன்: 8.10, திரும்புகிறார்.

அழைப்பை நிறுத்தியது அவரா நானா என்று கொப்பி கேட்காதுதானே.

ஒன்பதரைக்கும் வரவில்லை. அழைத்தேன், தொடர்பு இல்லை. பத்தேகாலுக்குக் கரைக்கு ஓடினேன். எங்கள் படகுக்குப் பக்கத்தில் தன் படகைக் கட்டிவைக்கும் சிவம் அண்ணைதான் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டார். என் பதிலைக் கேட்டு, "எட்டுப் பத்துக்குத் திரும்பினதெண்டால் கரைக்குக் கிட்டத்தான் எஞ்சின் நிண்டிருக்கும்" என்றார். இரண்டு படகுகள் கரையோரமாகத் தேடிப் போயின. நேரம் போகப் போகச் சோழகக் காற்று பலத்தது. அது தென்மேற்கிலிருந்து அடிப்பது. எஞ்சின் நின்ற படகைக் கரைக்குக் கொண்டுவராது, வெளிக்கடலுக்குத்தான் தள்ளும்.

11.20. வலைகள் வைக்கும் வாடிக் குடிலுக்குப் பின்னால் தனியே நின்று கைபேசியைத் திறந்தேன். இரண்டு அழைப்புகள். இரண்டுக்கும் நேரே, நான் நிராகரித்ததாகப் போட்டிருந்தது.  அவர் திரும்பவேயில்லை. வலை கிடந்த இடத்திலிருந்து என்னை உதவிக்கு அழைத்திருக்கிறார். நான் வெட்டியதால் ஆபத்து மணி, திரும்பும் மணி ஆகிவிட்டது.

சொன்னால் துறை முழுக்கச் சிரிக்கும். மாதா மன்றத்தில் செபமாலை தொடங்கி வைப்பவள் நான். சொல்லாவிட்டாலோ அவர்கள் பிழையான இடத்தில் தேடிக்கொண்டே இருப்பார்கள். "ஆண்டவரே, அவையைக் கொண்டுவாரும்" என்று செபிக்கத் தொடங்கினேன். அதற்குமேல் சொல் வரவில்லை. கேட்க எனக்கு என்ன முகம்? கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன்: "என்ரை வாயைத் திறவும்." கையில் செபமாலை இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு நான் உண்மையாகச் சொன்ன செபம் அதுதான்.

11.27க்கு எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன்.

"சிவம் அண்ணை, அவர் திரும்பேல்லை. எட்டுப் பத்துக்கு ரெண்டு தரம் அடிச்சவர். நான்தான் வெட்டினனான்."

"என்னத்துக்குப் பிள்ளை வெட்டினனீ?"

"நாடகம் பாத்துக்கொண்டிருந்தனான்."

 பின்னால் நின்ற ஒரு பெண் சொன்னாள்: "மனிசன் கடலிலை, இவ நாடகத்திலை. வாயிலை மட்டும் மாதா."

சிவம் அண்ணை அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ஏச்சைப் பிறகு ஏசுங்கோ. எட்டுப் பத்திலையிருந்து சோழகம் தள்ளுது. கரையிலை தேடி என்ன பிரயோசனம்? வலை கிடந்த இடத்திலையிருந்து வடகிழக்காலை ஓடவேணும். எண்ணெய்க் கானை ஏத்துங்கோடா!" பத்து நிமிடத்துக்குள் அவருடைய படகும் இன்னொன்றும் புறப்பட்டன.

அந்த நாலு மணித்தியாலத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. கொப்பியில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. ஈர மணலில் முழங்காலில் இருந்தேன். என்னை ஏசிய அந்தப் பெண்ணே தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தாள். "குடியடி. குடிச்சாத்தான் கும்பிட ஏலும்" என்றாள்.

3.40க்கு மூன்று படகுகள் தெரிந்தன. நடுவில் கயிற்றில் இழுபட்டு வந்தது எங்களுடையது. இரண்டு தலைகளையும் எண்ணிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

எஞ்சின் நின்று, நங்கூரக் கயிறும் அறுந்து, குடிநீரும் முடிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் நாட்டின் கடல் எல்லைக்கு அப்பால். அன்ரன் உதடு வெடித்துப்போய் இறங்கினார். "நீ வெட்டினவுடனை, ஏதோ வேலையாய் நிக்கிறாய், திருப்பி எடுப்பாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான், அதுக்குள்ளை படகு இழுபட்டுத் தொடர்பும் போட்டுது" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

சிவம் அண்ணைக்கு நன்றி சொல்லப் போனேன். "நான் முருகனைக் கும்பிட்டுக்கொண்டு ஓடினன், நீ மாதாவைக் கும்பிட்டுக்கொண்டு நிண்டாய். ஆர் வழி காட்டினதெண்டு அவை தங்களுக்குள்ளை கதைச்சு முடிக்கட்டும்" என்று சிரித்தார். எனக்குத் தெரியும். என் வாயைத் திறந்தவர் யாரோ, அவரே வழியும் காட்டினார்.

அடுத்த சனிக்கிழமை குருவானவரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். நாடகம் பார்ப்பதை நான் விடவில்லை. இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. இப்போது பின்னேரம், வீட்டுச் செபம் முடிந்தபின், அன்ரனோடு இருந்து பார்க்கிறேன். அவர் பாதியில் நித்திரையாகிவிடுவார். சிரிப்பும் கதையும் ஆண்டவர் தந்த இளைப்பாறல்தான். ஆனால் அவருக்கென்று கொடுத்த நேரத்தை அவருக்கே கொடுக்கிறேன். ஒரே நேரத்தைச் செபத்துக்கும் நாடகத்துக்கும் கொடுத்தவள், ஆண்டவரையும் அன்ரனையும் ஏமாற்றினாள்.

இதை வாசிக்கிறவர்களே, உங்களில் யாருக்காவது சொல்ல வெட்கமான ஒன்று தொண்டையில் நிற்கலாம். செபத்தை நீட்டி அதை மூடாதீர்கள். வாயைத் திறக்கும்படி ஆண்டவரைக் கேளுங்கள், திறப்பார். கடலில் தேடுவதற்குப் பொழுது வேண்டும். பொழுது இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.