நொண்டாமல் நடந்தவர்

ஜப்பான்காரன் காலத்தில் எனக்குப் படுக்க இடம் கொடுத்தவர், காஜா பெராங்கில் குடியிருந்த ஒரு மூட்டைக்காரர். எந்த ஊரிலும் நிலைக்காத நான், மலாக்கா ஆற்றில் தொங்கான் படகுகளிலிருந்து மூட்டை இறக்கும் வேலை கிடைத்ததால் அங்கே தங்கினேன். அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவேன்.

மூட்டைகள் அண்ணனின் இரண்டு முட்டிகளையும் தின்றிருந்தன. காலையில் சுவரைப் பிடித்துத்தான் பாயை விட்டு எழுவார். எலும்பு நெறுநெறுக்கும். அண்ணி ஆமணக்கு இலையை வாட்டிக் கட்டுவார். நாற்பதைத் தாண்டிய மூட்டைக்காரர்களில் முட்டி நோகாதவர் எனக்குத் தெரிந்து இல்லை. அதை ஒரு நோய் என்றே யாரும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் மூட்டை தூக்காதே என்பார்கள். அதோடு சரி.

ஆனாலும் பலகையில் யாரும் நொண்ட மாட்டோம். படகுக்கும் கரைக்கும் நடுவே கிடந்த பலகையின் முனையில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் நிற்பார். நொண்டுகிறவனுக்கு மறுநாள் வேலை இல்லை, அரிசியும் இல்லை. அவர் கண் பட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்துவிடுவோம்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணி அழுதார். அண்ணன் வீங்கிய முட்டியைத் தட்டிக் காட்டினார்.

“இந்த ஓட்ட வண்டிய எவன் ஏத்திக்கிட்டுப் போவான்? இதுதான் நம்மளக் காப்பாத்தப் போவுது, பாரு.”

ஒரு நாள் காலை ஜப்பான் சிப்பாய்கள் எங்கள் தெரு ஆண்களைத் திடலுக்கு நடத்திப் போனார்கள். அந்த வலி நடக்க நடக்கக் கொஞ்சம் இளகும். திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கால் நன்றாகவே இருந்தது. எனக்கு முன்னால் நின்றார். “நொண்டுங்கண்ணே” என்றேன் மெதுவாக. தலையாட்டினார்.

நடந்து காட்டச் சொன்னான் ஒரு சிப்பாய். அண்ணன் நொண்டத்தான் தொடங்கினார். சிப்பாய் குனிந்து அவர் காலையே உற்றுப் பார்த்தான். உடனே அவர் முதுகு நிமிர்ந்தது. பலகையில் நடப்பதுபோல நேராக நடந்து முடித்தார்.

லாரியில் ஏறும்போது முட்டி மடங்கவில்லை. ஆட்கள் தூக்கிவிட்டார்கள். அதற்குள் சிப்பாய் வேறு பக்கம் திரும்பியிருந்தான். என் முறை வருவதற்குள் லாரி நிறைந்துவிட்டது.

அவர் திரும்பி வரவில்லை. சேதியும் இல்லை. அண்ணி என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

“பொழுதன்னிக்கும் வீட்டுல நொண்டுன மனுசன், அன்னிக்கும் நொண்டியிருந்தா என்ன தம்பி?”

எழுந்தபோது என் வலது முட்டி நெறுநெறுத்தது. அண்ணி நிமிர்ந்து பார்த்தார். நான் ஆற்றங்கரைக்குப் போனேன். பலகை முனையில் மண்டோர் நின்றிருந்தார்.