அன்னக்கொடி காலி செய்யாத வீடு

ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் அன்னக்கொடிக்கு யாரிடமும் குரலைத் தாழ்த்திப் பேசிப் பழக்கமில்லை. போடியில் அவள் வாடகைக்கு இருந்தது ஒன்பது வீடுகள் கொண்ட வரிசை. எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. எழுபத்தெட்டாம் வருடம் அந்த வரிசையை அப்படியே ஒரு ஏலக்காய்க் கம்பெனி வாங்கிவிட்டது.

மறுவாரமே கம்பெனி மேனேஜர் காசிராஜன் வந்து நின்றார். "இங்க குடோன் கட்டப்போறோம். தை பொறக்குறதுக்குள்ள எல்லாரும் காலி பண்ணிரணும்."

சிலர் சாமான்களைக் கட்டத் தொடங்கினார்கள். போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டும் அவள் கணவன் சுருளிவேலும் தளர்ந்துபோனான். "கம்பெனியோட மல்லுக்கட்ட நம்மளால ஆகுமா புள்ளே? நம்ம ஊரு குரங்கணிக்கே போயிருவோம்."

"அங்க எனக்குச் சோலி எங்கிட்டு இருக்கு? வாடகை நிக்காம குடுத்துட்டு வர்றோம். போன்னு சொன்னதும் எந்திரிச்சுப் போக நாம என்ன சந்தைக்கு வந்த ஆளா?"

அன்றே அவள் ஒரு வக்கீலைப் பார்த்தாள். வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியின் உத்தரவு இல்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது என்று அவர் சொன்னதும் அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். கட்டிய மூட்டைகள் அவிழ்ந்தன.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. கிணற்றின் மேல் இரும்பு வலை போட்டுப் பூட்டியது. பெண்கள் தெருக்கோடிக் குழாயில் குடத்தோடு காத்துக் கிடந்தார்கள். அன்னக்கொடி அதிகாரியிடம் மனுப் போட்டாள்.

விசாரணையில் காசிராஜன், "கிணறு சுத்தமில்லீங்க. அவுக நல்லதுக்குத்தான் பூட்டுனோம்" என்றார்.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்றே?"

"பூட்டுற வரைக்கும் குடிச்ச தண்ணிதான் சார். ஒருத்தருக்கும் வயித்துவலி வந்ததில்ல. அழுக்குன்னா தூர் வாரணும். எங்களக் கெளப்பத்தான் பூட்டுனாக."

கிணற்றை உடனே திறக்க உத்தரவானது. திரும்பும் பஸ்சில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

காசிராஜனே வந்து பூட்டைத் திறந்துவிட்டுப் போனார். வீடுகளைக் காலி செய்யக் கேட்டுக் கம்பெனி போட்ட வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, கடைசியில் தள்ளுபடியானது. குடோனை ராசிங்காபுரம் ரோட்டில் கட்டிக்கொண்டார்கள். ஜீப்பில் ஏலத் தோட்டத்துக்குப் போகும் ஆட்களிடம் சுருளிவேல் இந்த வழக்கைச் சொன்னால், தானே நடத்தியது போலத்தான் இருக்கும்.

எண்பத்தைந்து மழையில் கூரை ஒழுகியது. உடைந்த ஓடுகளை மாற்றித் தரச் சொல்லி அன்னக்கொடி கம்பெனிக்கு ஆள் அனுப்பினாள். பதில் இல்லை.

"வெரசா கெளம்புங்க" என்றாள் கணவனிடம். "வக்கீலப் பாத்துட்டு வந்துருவோம்."