ஒன்பது என்று அப்பா சொன்னார்

எங்கள் வீட்டில் எட்டு என்ற எண்ணுக்கு இடம் கிடையாது. அது சனியனின் எண் என்பது அம்மாவின் கட்சி. நோபல் பார்க்கில் இப்போது இருக்கும் வீட்டை வாங்குவதற்கு முன்பு, இதைவிடப் பெரிய, இதைவிட வெளிச்சமான வீடு ஒன்றைப் பார்க்கப் போனார்களாம். அதன் இலக்கம் இருபத்தாறு. இரண்டும் ஆறும் எட்டு. அம்மா வாசலில் கால் வைக்காமலே திரும்பிப்போய்க் காரில் ஏறிவிட்டாராம். எனக்கு எட்டு வயது நடந்தபோது யார் கேட்டாலும் "ஏழு முடிஞ்சிட்டுது" என்றுதான் அம்மா சொல்வார். அந்த வருடம் முழுக்க நான் ஏழு முடிந்த பிள்ளையாகவே திரிந்தேன். ஒன்பது பிறந்த அன்று கேக் வெட்டியபோது என்னைவிட அம்மாவுக்குத்தான் சந்தோசம் அதிகம்.

அம்மா கண்ணில் படும் எண்ணையெல்லாம் கூட்டுவார். தொலைபேசி இலக்கம், ஆஸ்பத்திரிக் கட்டில் இலக்கம், விமானத்தில் இருக்கை இலக்கம், எதையும் விடமாட்டார். கூட்டும்போது சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். பதினேழு வந்தால் தப்பியது என்று நினைக்கக்கூடாது. ஒன்றையும் ஏழையும் திரும்பக் கூட்டினால் எட்டு. இந்தச் சாத்திரத்தைப் பள்ளிக்கூடம் போகமுன்பே நான் கரைத்துக் குடித்திருந்தேன்.

அக்காவுக்குப் பதினெட்டு முடிந்து, பன்னிரண்டாம் வகுப்புச் சோதனையும் முடிந்த கோடை விடுமுறை அது. எனக்கு ஒன்பது. அக்கா நல்ல புள்ளிகள் எடுத்திருந்தாள். எந்தப் பல்கலைக்கழகம் என்று கோயிலில் அன்ரிமார் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அக்காவோ ஒருவருக்கும் சொல்லாமல், கிரெய்கிபர்னில் வீடு கட்டும் ஒருவரிடம் தச்சு வேலை பழகப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டு மேசையில் அதை அறிவித்தாள். அம்மாவின் கையில் இருந்த புட்டு கையிலேயே நின்றது.

"மரம் அரியவோ உன்னைப் படிப்பிச்சனாங்கள்? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் வீட்டுக்குள்ளதானே இருக்குது அம்மா. அதையும் ஆரோ கட்டத்தானே வேணும்."

இதை அக்கா வழக்கம்போல் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அம்மா அவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார். தமிழில் பிழையில்லாமல் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. அதன் பிறகு சில நாட்கள் இருவரும் என் மூலமாகத்தான் கதைத்தார்கள். "கொக்காவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பார் அம்மா. அக்கா எனக்கு எதிரில் நிற்பாள். நான் சொல்லுவேன்.

வேலைக்கு எடுத்தவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். நோபல் பார்க் இந்த நகரத்தின் ஒரு கோடி, கிரெய்கிபர்ன் மறுகோடி. வாளும் பலகையும் ஏணியும் ரயிலில் வராது. விடுமுறை முடிவதற்குள் சொந்தமாக ஒரு யூட் இருந்தால் வரலாம், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்கு. யூட் என்பது முன்பாதி கார், பின்பாதி லொறி. இந்த ஊரில் கைவேலை செய்கிறவர்கள் எல்லாரும் அதில்தான் ஓடித் திரிவார்கள். அம்மா பின்பாதியை மட்டும்தான் கணக்கில் எடுத்தார்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு லொறியோ?" என்று ஒரு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சனிக்கிழமை காலை அப்பாவிடம் சொன்னார். "வாங்கிறதெண்டால் வாங்குங்கோ. நான் வரேல்லை. ஆனால் எட்டு மட்டும் வரப்படாது."

நம்பரை மாற்றிக்கொள்ளலாம் என்று அக்கா வாயெடுத்தாள். "பிறந்த நம்பரை மாத்தினால் தலையெழுத்தும் மாறுமோ எண்டு கேள்" என்று அம்மா என்னிடம் சொன்னார். நான் கேட்கவில்லை. அக்காவின் முகம் அப்படி இருந்தது.

அப்பா மல்கிரேவில் ஒரு பெரிய அலுவலகத்தில் கணக்காளர். கணக்கில் இரண்டு சதம் இடறினாலும் அதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு வரமாட்டார். வாகனத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ரயரை ஒரு உதை உதைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது. அக்கா அப்படியில்லை. சிநேகிதியின் தகப்பனிடம் கியர் வண்டி பழகியிருந்தாள். எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்ப்பாள், முதுகைத் தரையில் வைத்து வண்டிக்குக் கீழே தவழ்ந்து போவாள். அதனால் வேலை பிரிக்கப்பட்டது. இயந்திரம் அக்காவின் பொறுப்பு, பேரம் அப்பாவின் பொறுப்பு. "எண் உன்ர பொறுப்பு, மோனை" என்று அப்பா சொன்னபோது எனக்குத் தலைகால் தெரியவில்லை.

முதலாவது யூட் டண்டினோங்கில். நம்பர் தகட்டில் ஆறு, இரண்டு, பூச்சியம். "எட்டு!" என்று நான் கத்தினேன். அக்கா அதன் கதவைக்கூடத் திறக்கவில்லை. இரண்டாவதைப் பார்க்க ஓடினோம். நான்கு, நான்கு, பூச்சியம். "எட்டு!" இந்த முறை என் குரலில் கொஞ்சம் பெருமையும் கலந்துவிட்டது. அக்கா என் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள். மூன்றாவதுக்கு நல்ல எண். ஆனால் இயந்திரத்தை முடுக்கியதும் தெரு முழுக்கக் கரும்புகை. விற்க வந்தவரே இருமிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

மத்தியானம் தாண்டிவிட்டது. வெயில் கொளுத்தியது. மூன்று பேரும் ஆளுக்கொரு ஐஸ்கிறீமோடு ஒரு மரத்துக்குக் கீழே நின்றோம். அக்காவின் ஐஸ்கிறீம் உருகி முழங்கைக்கு ஓடியது, அவள் துடைக்கவில்லை. விடுமுறையில் அதிக நாள் மிச்சமில்லை. "இன்னும் ஒண்டு இருக்கு, போய்ப் பாப்பம்" என்று அப்பா சொன்னார்.

அந்த நான்காவது யூட்டை எனக்கு இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு கீறிக் காட்ட முடியும். பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல் ஒரு நிறம். முன்னால் மூன்று பேர் நெருக்கி இருக்கக்கூடிய ஒரே நீள இருக்கை. பின்னால் தட்டில் ஏணி வைக்கும் சட்டம், அதற்குக் கீழே ஒரு மரப்பெட்டி. விற்றவர் காற்சட்டை போட்ட வயதான வெள்ளைக்காரர். முழங்கால் போய்விட்டதால் தச்சு வேலையை விட்டுவிட்டாராம். அவருடைய நாய் யூட்டின் நிழலில் படுத்திருந்தது, எழும்ப மனமில்லாமல் எழும்பிப் போயிற்று.

அக்கா இயந்திரத்தைப் பார்த்தாள். கீழே தவழ்ந்து பார்த்தாள். கடைசியில் அந்த மரப்பெட்டிக்கு முன்னால் நின்று, இரண்டு பலகைகள் ஒன்றோடொன்று கோத்திருந்த மூலையை விரலால் தடவினாள். "ஆணியே இல்லை அப்பா" என்று மெல்லச் சொன்னாள். பிறந்த குழந்தையின் விரலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓட்டிப் பார்க்க மூவரும் ஏறினோம். நான் நடுவில். கண்ணாடிகளை இறக்கியதும் காற்று வந்து அப்பாவின் மிச்சமிருந்த தலைமயிரை ஒரு பக்கமாக நிறுத்திவிட்டது. அக்கா ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் என் முழங்காலில் இடித்தாள், ஒவ்வொரு முறையும் நாங்கள் சிரித்தோம். உயரத்திலிருந்து பார்க்க மற்றக் கார்களெல்லாம் விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரிந்தன. வாழ்க்கையில் அதுவரை நான் ஏறிய வாகனங்களில் இதுதான் வாகனம் என்று எனக்குப் பட்டது.

திரும்பி வந்து இறங்கிய பிறகுதான் கடமை ஞாபகம் வந்தது. முன்னால் ஓடிப்போய்த் தகட்டைப் பார்த்தேன். ஒன்பது, ஐந்து, மூன்று. பதினேழு. ஒன்றும் ஏழும்...

நான் வாயைத் திறக்கும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். தகட்டைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். அவர் எதிலோ குறைபிடிக்கிறார் என்று நினைத்த கிழவர் விலையைக் கொஞ்சம் குறைத்தார். அப்பா அசையவில்லை. கிழவர் இன்னும் கொஞ்சம் குறைத்து, ஏணியையும் தருவதாகச் சொன்னார். அப்பா தகட்டுக்கு இன்னும் கிட்டக் குனிந்தார். மரப்பெட்டிக்குள் இருக்கும் சாமான்களும் உங்களுக்குத்தான், நாயைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கிழவர் கையை விரித்தார். அப்பா அவரைக் கவனித்ததாகவே தெரியவில்லை. தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். அவள் பெட்டியின் மூடியில் கையை வைத்தபடி, எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகு முழுக்கப் புழுதி.

"ஒன்பது" என்றார் அப்பா.

"இல்லை அப்பா, எட்—"

"ஒன்பது மோனை. வடிவாக் கூட்டு."

நான் வடிவாகத்தான் கூட்டினேன். எத்தனை முறை கூட்டினாலும் எட்டுத்தான் வந்தது. அதற்குள் அப்பா அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். "ஓம், ஓம். ஒன்பது. நானே கூட்டினனான். நீர் யோசியாதையும்."

வீட்டுக்கு நான் யூட்டில்தான் வருவேன் என்று அடம்பிடித்து வந்தேன். அப்பா காரில் பின்னால் வந்தார். வழி நெடுக அக்கா பாடிக்கொண்டு வந்தாள். நான் மட்டும் விரல்களில் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தேன். அப்பா கணக்கில் பிழைவிட்டதை அம்மா பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார். பிறகு யூட் இல்லை, வேலை இல்லை, பாட்டும் இல்லை.

அம்மா வாசலில் நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் கையில் தட்டம் இருந்தது, தட்டத்தில் நாலு தேசிக்காய், கற்பூரம், சந்தனம். அக்கா யூட்டை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள். இயந்திரத்தை மட்டும் அணைக்கவில்லை. திருப்பிக் கொண்டுபோ என்றால் அப்படியே போவதற்குத்தான் போலிருந்தது. அம்மா தகட்டுக்கு முன்னால் வந்தார். உதடு அசைந்தது. நின்றது. திரும்பவும் முதலிலிருந்து அசைந்தது. அம்மா நிமிர்ந்து கண்ணாடிக்கு உள்ளே பார்த்தார். ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்திருந்த அக்காவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கறுப்பு எண்ணெய்.

"நீங்களோ கூட்டினனீங்கள்?" என்று அப்பாவைக் கேட்டார்.

"ஓம்."

அம்மா சந்தனத்தைத் தொட்டு யூட்டின் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

"ஒன்பதுதான்" என்றார். "நல்ல நம்பர். ரயருக்குக் கீழை தேசிக்காயை வையுங்கோ. பிள்ளை, மெல்லமா எடு."

அந்தச் சண்டைக்குப் பிறகு அம்மா நேரடியாக அக்காவுடன் பேசிய முதல் பேச்சு அது. நாலு தேசிக்காயும் ஒரே நேரத்தில் நசுங்கின. அக்கா கீழே குதித்து, எண்ணெய்க் கையோடு அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். "என்ர சட்டை, என்ர சட்டை" என்று அம்மா கத்தினாரே தவிர, விலகவில்லை. அன்று பின்னேரமே சேலை உடுத்து, கதிரை போட்டு ஏறி, யூட்டில் கோயிலுக்குப் போனார். ஆருடைய வாகனம் என்று ஒரு அன்ரி கேட்டதற்கு, "என்ர மூத்தவளின்ர. அவள் வீடு கட்டப் போறாள்" என்று அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. என்னமோ ஊர் முழுவதையும் அக்கா தனியே கட்டப் போவதுபோல் இருந்தது அந்தக் குரல்.

எனக்கு மட்டும் பெரிய கவலை பிடித்துக்கொண்டது. அம்மாவும் அப்பாவும் கணக்கில் இவ்வளவு மோசம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அப்பாவின் அலுவலகத்தை நினைத்தும் பயமாக இருந்தது. அந்த வீட்டில் உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று முடிவு செய்து, ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தேன். காலையில் அக்கா யூட்டை எடுக்கும் சத்தம் கேட்டால் போர்வைக்குள் இருந்தபடியே, "பிள்ளையாரே, அது ஒன்பது" என்று ஒரு தரம் சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் படுப்பேன். யூட்டும் ஒரு கீறல் விழாமல் போய் வந்தது.

அந்த வருடப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சந்திப்பில், நான் கணக்கில் கெட்டிக்காரி என்று ஆசிரியை சொன்னார். கூட்டலில் ஒரு பிழையும் விடுவதில்லையாம். இது யாரிடமிருந்து வந்தது என்று அம்மாவையும் அப்பாவையும் பார்த்துக் கேட்டார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்பாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பாவம், வெட்கத்தை மறைக்கச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, நான் இருவருடைய கைகளையும் ஆதரவாகப் பிடித்துக்கொண்டேன்.