ஒரு மணிக்கு வராத சாப்பாடு

ஜெர்மனியில், எர்லாங்கன் நகரத்தில் எனக்கு அது நான்காவது குளிர்காலம். 2000-களின் நடுப்பகுதி. மகள் பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது; பேத்தியைப் பார்க்க அப்பாவும் அம்மாவும் கரூரிலிருந்து வந்திருந்தார்கள். அம்மாவுக்குக் குழந்தையே போதும். அப்பாவுக்குப் போதவில்லை. மின்சார இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் கம்பம் கம்பமாக அலைந்தவர், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்காரர் வாசல் பனியைத் தள்ளுவதை மூன்று வாரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவரைப் பனிச்சறுக்கு மலைக்குக் கூட்டிப்போவதென்று முடிவு செய்தேன்.

அப்பாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஐந்து வருஷமாக இன்சுலின் ஊசி. பன்னிரண்டரைக்கு ஊசி, ஒரு மணிக்குச் சாப்பாடு. கல்யாண வீடானாலும் சரி, ரயில் பயணமானாலும் சரி, இதில் மட்டும் அவர் பிசகியதில்லை. சனிக்கிழமையில் கறி தொடமாட்டார். மற்ற நாளிலும் மாடும் பன்றியும் கிடையாது. அதனால் அம்மா விடிகாலையிலேயே புளிசாதம் கிளறி, உருளைக்கிழங்கு வறுவலோடு ஸ்டீல் டப்பாவில் அடைத்துவிட்டாள்.

"அங்கேயும் ஹோட்டல் இருக்கும்மா" என்றேன்.

"இருக்கட்டும். இதுவும் இருக்கட்டும். ஊசி போட்டுட்டா அரை மணிக்கு மேல அவரால தாங்க முடியாது. நேரத்துக்குக் குடுத்துடு."

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜெர்மனிக்குப் போன நான்கு வருஷத்தில் நான் சட்டத்தின் பிள்ளையாகிவிட்டிருந்தேன். ஈ காக்கை இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை காலிப் பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டால் சத்தம் கேட்கும், கூடாது என்று புதிதாக வந்த நம்மூர்ப் பையன்களுக்கு வகுப்பெடுப்பேன். அம்மா கடுகு தாளித்தால் ஓடிப்போய் படிக்கட்டுப் பக்கத்துக் கதவைச் சாத்துவேன். ராஜாவை மிஞ்சிய ராஜவிசுவாசி என்பார்களே, அது நான்தான். இதில் எனக்குப் பெருமை வேறு.

காரில் மூன்றரை மணி நேரம் தெற்கே போய், அடிவாரத்தில் கேபிள் கார் ஏறினோம். என்னுடைய பழைய ஜாக்கெட்டும் குரங்குக் குல்லாவுமாக அப்பா கண்ணாடியோரம் நின்றார். எல்லோரும் பனியைப் பார்த்தார்கள். அவர் மேலே ஓடும் கம்பியைப் பார்த்தார்.

"இதுக்கு எவ்வளவு இழுவை குடுத்திருப்பான்? தூணுக்குத் தூண் தூரத்தைப் பாரு!" என்றார். அவர் முகத்தில் மூன்று வாரமாகக் காணாத ஒரு சிரிப்பு. கூட்டிவந்தது வீண் போகவில்லை என்று எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

உச்சியில் ஒரு உணவகம். முழுக்க மரத்தால் ஆன பெரிய கூடம். பனிச்சறுக்கு பூட்ஸ்கள் தரையில் மடார் மடாரென்று விழ, ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சுவரில் மான்கொம்புகள், வெப்பக் குழாயின்மேல் காயப்போட்ட கையுறைகள், உருகிய சீஸ் வாசனையும் வறுத்த பன்றியின் வாசனையும். அங்கே தனி மேசை என்று யாருக்கும் கிடையாது. நீள மேசையில் இடம் கண்ட இடத்தில், கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வயதான ஒரு தம்பதிக்கு எதிரே இரண்டு இடம் கிடைத்தது. அப்பா மருந்துப் பையை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போய்விட்டு வந்தார்.

"ஊசி போட்டாச்சு" என்றார்.

மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. சாப்பாட்டு அட்டையை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். பன்றிக்கால், ஈரல் உருண்டை, நாலு விதமான தொத்திறைச்சி. அப்பா சிரித்தார். "பாம்பு தின்கிற ஊருக்குப் போனா நடுத்துண்டம் நமக்குன்னு சொல்லுவாங்க. சனிக்கிழமையாப் போச்சேப்பா." கடைசியில் சீஸில் புரட்டிய மாவுத் துண்டுகள், மேலே பொரித்த வெங்காயம் என்று ஒன்று அகப்பட்டது. ஆளுக்கு ஒன்று சொன்னேன். புளிசாதத்தைத் திரும்பும்போது காரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. பரிமாறிய அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு கையில் நாலு தட்டோடு நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"இன்று கூட்டம். நேரமாகும்" என்றார்.

பரவாயில்லை என்றேன். அப்பா ஊசி போட்டிருக்கிறார், அவருக்கு மட்டும் சீக்கிரம் கொடுங்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அதற்கு வேண்டிய ஜெர்மன் எனக்குத் தெரியும். ஆனால் வரிசையில் முந்துவது நம்மூர்ப் புத்தி என்று எனக்குள் ஒரு எண்ணம். 

ஒரு மணி ஆயிற்று. சாப்பாடு வரவில்லை. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பையிலிருந்து டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திறந்தார். நல்லெண்ணெயும் பெருங்காயமும் கூடத்தையே நிறைத்துவிட்டதுபோல எனக்குப் பட்டது. எதிரே இருந்த மூதாட்டி தலையைத் தூக்கிப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். நான் சட்டென்று கையை நீட்டி மூடியை அழுத்தி மூடினேன்.

"அப்பா, கொண்டுவந்ததை இங்க சாப்பிடக் கூடாது. வாசல்ல போர்டு போட்டிருக்கான்."

"அப்படியா?"

"பத்து நிமிஷம். இதோ வந்துடும்."

"சரிப்பா" என்று டப்பாவைப் பைக்குள் வைத்தார்.

என் அப்பா அப்படிச் சரி என்று சொல்கிற ஆளே இல்லை. மேலதிகாரியை எதிர்த்துப் பேசி இரண்டு முறை மாற்றல் வாங்கியவர். சின்ன வயதில் அவர் குரல் வாசலில் கேட்டாலே நானும் தம்பியும் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொள்வோம். அவர் மறுபேச்சு இல்லாமல் சொன்னதைக் கேட்டார். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. போர்டுக்குக் கீழ்ப்படிந்தோம் என்ற திருப்தியோடு நான் ஜன்னலுக்கு வெளியே சறுக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றேகால். பக்கத்து மேசைக்குத் தட்டுகள் போயின. அப்பா குல்லாவைக் கழற்றினார். நெற்றியெல்லாம் வேர்வை. உள்ளே வெக்கை அதிகம் என்று நினைத்தேன். கை நடுங்கியது. வெளியே நின்ற குளிர் இன்னும் விடவில்லை என்று நினைத்தேன். படித்தவன், பொறியாளன், பதினைந்து வருஷமாகச் சர்க்கரைக்காரரின் பிள்ளை. ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் வெக்கையும் குளிரும் எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை.

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு, "சார், லைன் கிளியர் வாங்கியாச்சா?" என்றார்.

மின்கம்பத்தில் ஏறுவதற்கு முன் கரண்டை நிறுத்தச் சொல்லி வாங்கும் அனுமதிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண் என்மேல் இருந்தது, பார்வை இல்லை. "லைன் கிளியர் இல்லாம ஆள ஏத்தாதீங்க சார்" என்றார் நாக்கு குழற. அப்படியே மேசைப் பக்கம் சரிந்தார்.

நான் "அப்பா, அப்பா" என்று தோளைப் பிடித்துக் குலுக்கினேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. அந்தப் பரிமாறும் அம்மாள் எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. கையிலிருந்த தட்டுகளைப் பாதி எங்கள் மேசையிலும் பாதி பெஞ்சிலும் வைத்துவிட்டு, அப்பாவின் முகவாயைப் பிடித்துத் தூக்கினார்.

"ட்சுக்கர்?" என்றார். சர்க்கரையா என்று கேட்கிறார். நான் தலையை ஆட்டினேன். எதிரே இருந்த பெரியவரின் ஆப்பிள் சாற்றைக் கேட்காமலே எடுத்து, அப்பாவின் உதட்டில் வைத்து, கழுத்தின் பின்னால் கைகொடுத்து, மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தார். பாதி சட்டையில் வழிந்தது. பெரியவர் எழுந்து போய் இன்னொரு கிளாஸ் வாங்கிவந்தார்.

பத்து நிமிஷம் இருக்கும். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். என்னைக் கண்டதும், "என்னப்பா ஆச்சு?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் அழுதேன்.

அந்த அம்மாள் போகவில்லை. ஊசி போட்டபின் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். சாப்பாடு கையில் இருக்கிறது, வாசலில் போர்டு போட்டிருக்கிறீர்களே என்றேன். சொல்லும்போதே என் காதுக்கே கேவலமாக இருந்தது. அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"அது ஆறு பேருக்கு ரொட்டி கட்டிக்கொண்டு வந்து ஒரு காபி வாங்குகிறவர்களுக்கு. நோயாளி சாப்பிடக் கூடாது என்று உங்களுக்கு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நானேதான்.

அவரே ஒரு தட்டும் கரண்டியும் கொண்டுவந்து வைத்தார். அப்பா கரண்டியைத் தொடவில்லை. டப்பாவிலிருந்த புளிசாதத்தைத் தட்டில் போட்டு, கையால் பிசைந்து, மெதுவாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் சொன்ன சீஸ் பண்டம் அதன்பிறகுதான் வந்தது. இரண்டு தட்டும் என் எதிரில் ஆறிப்போயின.

திரும்பும் வழியில் டாக்டரிடம் போகலாம் என்றேன். "இப்ப நல்லாத்தான் இருக்கேன். கருவி இருக்கே" என்று காரிலேயே விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டார். "அம்மாகிட்ட சொல்ல வேணாம். பயந்துடுவா." மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நூறு கிலோமீட்டர் யோசித்துக்கொண்டே ஓட்டினேன். கடைசியில், "நீங்க ஏம்ப்பா பேசாம இருந்தீங்க? என்னைத் திட்டிட்டுச் சாப்பிட்டிருக்கலாமே" என்றேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தது குற்றச்சாட்டாக முடிந்தது.

"உன் ஊரு. உனக்குத்தானே தெரியும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தூங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் அம்மா தோசை வார்த்தாள். அப்பா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். தட்டில் தோசை விழுந்தது, சட்னி விழுந்தது. அவர் என்னைப் பார்த்து, "சாப்பிடலாமாப்பா?" என்றார். சேர்ந்து சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலையிலும் கேட்டார். மத்தியானமும் கேட்டார்.

"இதென்ன புதுசா, சோறு திங்கப் புள்ளைகிட்ட உத்தரவு கேக்கறீங்க?" என்று அம்மா கேலி செய்தாள். அவர் சிரித்தார். நானும் சிரித்ததாகக் காட்டிக்கொண்டேன்.

அவர்கள் ஊர் திரும்ப இன்னும் மூன்று வாரம் இருந்தது. என் வீட்டில், என் மேசையில், அத்தனை வேளையும் அவர் கேட்டார். அத்தனை வேளையும் "சாப்பிடுங்கப்பா" என்று சொன்னேன். நான் சொல்லும்வரை அவர் கை தட்டுக்குப் போகவில்லை.